வேகாவுக்கு நான் சொன்ன அர்த்தம்

என் அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் வேளைக்குச் சாப்பிட்டு, நடமாடி, ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் எங்கள் ஜெபம். அப்பாவுக்கு முட்டி வலி கொஞ்சம் பரவாயில்லை, படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்குத் துணி காயப்போடுவதை என் தலையில் கட்டிவிட்டார், ஆனால் பக்கத்துத் தெருவில் செஸ் ஆட இரண்டாவது மாடி ஏறும்போது அந்த டாக்டர் ஞாபகத்துக்கு வருவதில்லை. தம்பிக்கு வேலை மாறவில்லை, அதே கிடங்கு, அதே அதிகாரி, அதே புலம்பல். சமையலறைக் குழாய் ஒரு வாரமாகச் சொட்டுகிறது. அடியில் பாத்திரம் வைத்தால் ஒரு சத்தம், துணி வைத்தால் இன்னொரு சத்தம், ஒன்றும் வைக்காவிட்டால் அதுதான் எல்லாவற்றிலும் மோசம். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன், ஒரு முறை குழாயைப் பார்க்க, ஒரு முறை வாசலைப் பார்க்க, மூன்றாவது முறை எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

திங்கட்கிழமை நீ அனுப்பிய இரண்டு வரிதான் காரணம். உன்மேல் ஒரு குறையும் இல்லை கண்ணு, நான் கேட்டதை நீ செய்தாய், அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு வரி இங்கே என்ன செய்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ வேலைக்குப் போன பிறகு தொடங்கிய வகுப்பு என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுமையாகப் படி. நான் ஓய்வு பெற்றதும் போதகர் வந்து, ஆராதனை முடிந்தபின் பின்னறையில் ஏதாவது ஒரு வகுப்பு எடுங்களேன் என்று கேட்டார். எனக்குக் கணக்கு தெரியும், ஞாயிற்றுக்கிழமை யார் கணக்கு படிப்பார்கள்? அதனால் நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டேன். அப்பாவின் பழைய கறுப்புக் குடையின் உட்பக்கத்தில் ஒயிட்னரால் புள்ளி வைத்தேன். குடையை விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக் காம்பை மெல்லச் சுழற்றினால் வானம் எப்படித் திரும்புகிறது என்று யாருக்கும் விளங்கும். அப்பா இன்றுவரை மழையில் நனைந்துகொண்டு அதற்காக என்னைத் திட்டுகிறார்.

புள்ளிகள் என்னுடையவை, அர்த்தங்கள் என்னுடையவை அல்ல. நான் புது டீச்சராக இருந்த காலத்தில் நம் சபைக்கு வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் வந்து மூன்று நாள் பேசினார். எழுத்து என்ற ஒன்று வருவதற்கு முன்பே தேவன் சுவிசேஷத்தை வானத்தில் எழுதிவிட்டார் என்றார். கன்னி ராசிதான் ஆண்டவரின் தாய், அவள் கையில் மின்னும் கதிர்தான் வாக்களிக்கப்பட்ட வித்து. துலாம் ராசியில் ஒரு நட்சத்திரத்தின் பெயருக்கு விலை போதாது என்று அர்த்தம், மற்றதன் பெயருக்கு விலை நிறைவாயிற்று என்று அர்த்தம், மனிதனுடைய நற்செயல் ஒரு தட்டு, மீட்பரின் இரத்தம் மறுதட்டு. எனக்கு மயிர் கூச்செறிந்தது. வருகைப் பதிவேட்டின் பின்பக்கங்களில் நாற்பத்து மூன்று பெயர்களையும் அர்த்தங்களோடு எழுதிக்கொண்டேன். அந்தப் பதிவேட்டை வைத்துத்தான் இத்தனை ஞாயிறும் பாடம் நடத்தினேன்.

வாஷர் அண்ணனை உனக்கு நினைவிருக்கும். குழாய் வேலை செய்பவர், சட்டைப் பையில் எப்போதும் நாலு ரப்பர் வாஷர் கிடக்கும், காணிக்கை போடக் கையை விட்டால் முதலில் அதுதான் வரும். அவருடைய மனைவிதான் உன் பள்ளிச் சீருடைகளுக்கு ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தவர். போன வருஷம் அந்த அம்மா மூன்றாம் மாடியிலிருந்து தண்ணீர் வாளியோடு இறங்கும்போது படியில் வழுக்கி விழுந்து போய்ச் சேர்ந்ததை உனக்கு அப்போதே சொன்னேன். அடக்கம் முடிந்து மூன்றாவது ஞாயிறு வாஷர் அண்ணன் என் வகுப்புக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பாடம் முடியும் நேரத்தில் எழுந்து, எல்லார் முன்னாலும், "டீச்சர், எல்லாப் புள்ளியும் கீழ இறங்குது, மறையுது. இதுல மேல போறதுன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டார். நான் பதிவேட்டைப் பார்த்தேன், யாழ் மண்டலத்தில் வேகா என்று ஒரு பிரகாசமான நட்சத்திரம், எதிரே என் கையெழுத்தில் 'உயர்த்தப்படுவார்' என்று இருந்தது. அதைக் காட்டி, இது ஆண்டவரைப் பற்றியது அண்ணா, அவர் உயர்த்தப்பட்டார், அவரோடு உங்கள் வீட்டு அம்மாவும் உயர்த்தப்படுவார் என்றேன். குடைக்குக் கீழே வந்து நின்று அந்த ஒரு புள்ளியையே பார்த்தார். அன்றிலிருந்து வேலை முடிந்து கை கழுவியதும், பொழுது சாயும் நேரம் பின்வாசலில் நின்று அதைத் தேடிப் பார்ப்பது அவருக்குப் பழக்கம். சாயங்காலத்தில் தெரியாத மாதங்களில் எப்போது திரும்பி வரும் என்று என்னிடம் தேதி கேட்டுக் குறித்துக்கொள்வார்.

அந்த அம்மா போய் ஒரு வருஷம் முடிகிறது, கல்லறையில் கல் வைக்கிறார் அண்ணன். பெயர், தேதி, கீழே 'வேகா – உயர்த்தப்படுவார்'. நட்சத்திரத்தின் பெயர் எந்த மொழியிலிருந்து வந்ததோ அந்த எழுத்திலும் செதுக்கினால் நன்றாக இருக்குமே என்று அவருக்கு ஒரு ஆசை. நட்சத்திரப் பெயர்கள் பலவும் அரபியில் இருந்து வந்தவை என்று கேள்விப்பட்டிருந்ததால்தான், உன் பரிசோதனைக்கூடத்தில் அந்த மொழி பேசும் எக்ஸ்ரே எடுக்கிற பெண்ணிடம் எழுதி வாங்கி அனுப்பு என்று உன்னைக் கேட்டேன். நீ அனுப்பினாய். எழுத்து அழகாகத்தான் இருந்தது. கீழே நீ எழுதியிருந்தாய்: அம்மா, இதற்கு விழுகிற கழுகு என்று அர்த்தமாம், கல்லறைக்கா கேட்கிறீர்கள் என்று அவள் இரண்டு தடவை கேட்டாள்.

விழுகிற கழுகு. படியில் விழுந்த ஒரு பெண்ணின் தலைமாட்டில்.

அன்று மத்தியானமே நூலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கிற கனமான அகராதியிலும் அப்படித்தான் இருக்கிறது. அந்தக் காலத்து அரபு மக்கள் வானத்தில் அந்த இடத்தில் இறக்கையை மடக்கிக்கொண்டு பாய்ந்து இறங்கும் ஒரு கழுகைக் கண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுந்து வர மனம் வராமல் மற்றப் பெயர்களையும் பார்த்தேன். வரப்போகிற நியாயாதிபதி என்று நான் சொல்லிக் கொடுத்த தேனப் என்ற நட்சத்திரத்துக்கு வால் என்று அர்த்தம். நியாயாதிபதி இல்லை பாப்பா, வால். விலை போதாது, விலை நிறைவாயிற்று என்று நான் கண் கலங்கச் சொன்ன துலாம் நட்சத்திரங்கள் இரண்டும் தேளின் கொடுக்குகளாம், ஒன்று தெற்குக் கொடுக்கு, ஒன்று வடக்குக் கொடுக்கு. அகராதியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன், நூலகர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் சிரிப்பு வரவில்லை. முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளிடம் வகுத்துவிட்டுப் பெருக்கிப் பார், விடையைச் சரிபார்க்காமல் தாளைக் கொடுக்காதே என்று தொண்டை வறளச் சொன்னவள் நான். ஒரு மேடைப் பேச்சை அப்படியே எழுதிக்கொண்டு ஒரு பெயரையாவது திருப்பிப் பார்க்கவில்லை. அழகாக இருந்தது, அதனால் உண்மையாகவும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கல் வெட்டுவதாக ஏற்பாடு. திங்கள் சாயங்காலத்திலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அலமாரியை ஒழித்தேன், ஒழித்ததைத் திரும்ப அடுக்கினேன், பென்சில் எல்லாவற்றையும் சீவினேன், இந்த வீட்டில் பென்சில் யாருக்கு வேண்டும்? அப்பாவிடம் சொன்னேன். "சும்மா இரு. அந்த மனுஷன் இப்பத்தான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு வெளிய வர்றான். கல்லுல என்ன இருந்தா யாருக்கு என்ன?" என்றார். போதகரிடம் போனேன். அவர் நல்லவர், என் பதற்றத்தைப் பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "நட்சத்திரம் தப்பா இருந்தாலும் நம்பிக்கை சரிதானேம்மா" என்றார். சரிதான். ஆனால் எனக்கு என் வேலையிலிருந்துதான் உதாரணம் வருகிறது. தப்பான வழியில் போய்ச் சரியான விடை எழுதும் பிள்ளை உண்டு. அன்றைக்கு அது தப்பித்துக்கொள்ளும், அடுத்த கணக்கில் அதே வழியைப் பிடித்துக்கொண்டு போய் விழும். வாஷர் அண்ணனின் நம்பிக்கை வேதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா, என் பதிவேட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா? வேறு யாராவது, அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர், என்றைக்காவது அந்தக் கல்லின் முன்னால் நின்றால்? உன் தோழி கேட்டதுபோல அவரிடமே இரண்டு தடவை கேட்டால்?

புதன்கிழமை காலை போனேன். பெண்கள் விடுதியின் துணி துவைக்கும் அறையில் வேலையாக இருந்தார். வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள், தரையெல்லாம் சோப்புத் தண்ணீர், கடைசித் தொட்டிக்கு அடியில் பாதி உடம்பு உள்ளே, கால் இரண்டும் வெளியே. எழுந்து வாங்கண்ணா, ஒரு விஷயம் என்றேன். "சொல்லுங்க டீச்சர், கையை எடுத்தா தண்ணி பீச்சி அடிக்கும், காது சும்மாத்தான் இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு ஜோடி ரப்பர் செருப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ஒன்றையும் மறைக்கவில்லை. நான் சொன்ன அர்த்தம் அந்தப் பெயருக்கு இல்லை, நான் சரிபார்க்கவில்லை, விழுகிற கழுகு என்று அர்த்தம், கல் வெட்டுவதற்கு முன் தெரிய வேண்டும் என்று வந்தேன் என்றேன். ஸ்பேனர் சத்தம் நின்றது. பிறகு மெல்ல மரையை இறுக்கும் சத்தம் மட்டும், அது முடியவேயில்லை போல இருந்தது. வெளியே வந்தார், ஒவ்வொரு கருவியாகத் துடைத்துப் பையில் வைத்தார். "அவ விழுந்ததுக்கு அந்தப் பேரையா டீச்சர் நான் தினம் நின்னு பாத்தேன்?" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். தலையை ஆட்டினார், சரி என்றா வேண்டாம் என்றா என்று தெரியவில்லை. நம் குழாய்க்கு வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தவர், அதைப் பற்றிப் பேசாமலே போய்விட்டார்.

வியாழக்கிழமை அவர் வரவில்லை. கல் வெட்டுகிறவருக்குப் போன் செய்தேன், "காலையிலயே வந்து கீழ் வரியை நிறுத்திட்டாரும்மா, வேற ஒண்ணும் பேசல" என்றார். இதுவரை எழுதியதெல்லாம் அந்த வியாழக்கிழமை எழுதியது. குழாய் சொட்டியது, அப்பா ஒன்றும் சொல்லாமல் என் கையில் காபியைக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றால் நான் சொன்னேன் பார்த்தாயா என்று அர்த்தம், அது உனக்குத் தெரியும்.

இன்று சனிக்கிழமை. சற்றுமுன் வாஷர் அண்ணன் வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை, நேரே சமையலறைக்குப் போய் மெயின் வால்வை மூடிக் குழாயைக் கழற்றினார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். சட்டைப் பையிலிருந்து ஒரு வாஷரை எடுத்துப் போட்டு இறுக்கித் திறந்து மூடிப் பார்த்தார். அதன் பிறகுதான் என்னைப் பார்த்தார். "நேத்தும் பின்வாசல்ல நின்னேன் டீச்சர். கோவமாத்தான் நின்னேன். அது பாட்டுக்கு அங்கேயே இருக்கு. அதுக்குப் பேரு என்னவா வேணா இருந்துட்டுப் போகட்டும். கல்லுல அவ பேரும் தேதியும் போதும், கீழ ஒரு வரிக்கு எடம் விடச் சொல்லியிருக்கேன். வேதத்துலேர்ந்து நீங்க ஒண்ணு எடுத்துக் குடுங்க, இந்தத் தடவ நானும் படிச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன்" என்றார். பையைத் தோளில் மாட்டியவர் வாசலில் திரும்பினார். "ஆனா எனக்குத் தனியா வந்து சொன்னது பத்தாது டீச்சர். அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. எல்லாரும் அதை வீட்டுக்குக் கொண்டு போயிருப்பாங்க. நாளைக்கு அங்கேயே சொல்லுங்க. நான் முன் வரிசையில இருப்பேன்."

ஆக நாளைக் காலை, ஆராதனைக்குப் பின், நான் அந்த அறையில் குடையை விரித்துக்கொண்டு நின்று, நியாயாதிபதிக்கு வால் என்று சொல்ல வேண்டும். உன் அம்மா எத்தனை பிள்ளைகளைப் பலகைக்கு முன்னால் நிறுத்தித் தப்பைத் திருத்தச் சொல்லியிருக்கிறாள், அந்த இடம் எவ்வளவு சூடானது என்று இப்போதுதான் தெரிகிறது. சுவிசேஷம் என் பதிவேட்டை நம்பி நிற்கவில்லை, அது எனக்குத் தெரியும். அதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் காலையிலிருந்து தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

உனக்கு ஒரு வேலை. நாற்பத்து மூன்று பெயர்களையும் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உன் தோழியிடம் காட்டி, அவளுக்குத் தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் எழுதி வாங்கு. அம்மா வருத்தப்படுவாள் என்று ஒன்றையும் இனிப்பாக்காதே. அவளுக்கு என் நன்றியைச் சொல், அவள் சிரித்திருந்தாலும் வருந்த வேண்டாம், நானும் சிரித்தேன். ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே, படியில் இறங்கும்போது போனைப் பார்க்காதே, கைப்பிடியைப் பிடித்து இறங்கு, இதை எதற்குச் சொல்கிறேன் என்று உனக்குப் புரியும். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நல்ல மனிதர்கள் நடுவில் உன்னை வைத்திருப்பாராக. அப்பா முத்தம் தரச் சொன்னார், அந்தக் குடைக்குப் பதிலாக ஒரு புதுக் குடை வாங்கி அனுப்பவும் சொன்னார்.

குழாய் நின்றுவிட்டது. வீடு இவ்வளவு அமைதியாக இருந்து பல நாள் ஆகிறது. நான்தான் இன்னும் உட்காரவில்லை, இந்தக் கடைசி வரிகளை நின்றுகொண்டே எழுதுகிறேன்.

நாளை ஜெபத்தில் என்னையும் நினைத்துக்கொள்கிற மகளுக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா