கொட்டகையில் ஓடிய பாட்டு

ஆன்லைன் இன்டர்வியூவுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது லேப்டாப்பில் சத்தம் வரவில்லை. கோவிந்தராசு வயலுக்குப் போயிருந்தார். மகள் எழில்மொழி ஆத்திரத்தோடு சீட்டு எழுதினாள்.

"அப்பா, யாரைக் கேட்டு அப்டேட் குடுத்தீங்க? சவுண்ட் டிரைவர் மாறினதுலேருந்து லேப்டாப் ஊமையா கெடக்கு. பாட்டு ஓடுது, ஒண்ணும் கேக்கல. என் ஃப்ரெண்டு செவ்வந்தி வீட்டுக்குப் போறேன், அவ லேப்டாப்புல பேசிக்கிறேன். சோறு அடுப்படியில இருக்கு. நடவு முடிஞ்சு வந்து எங்கிட்ட எதுவும் பேச வேணாம்."

வண்டியை எடுக்க மாட்டுக் கொட்டகைக்குப் போனவள் திரும்பி வந்து, சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்.

"மாடு பாட்டுக் கேட்டா நல்லா கறக்கும்னு ப்ளூடூத் ஸ்பீக்கர் கட்டினீங்களே, என் லேப்டாப் சத்தம் பூரா அதுலதான் வருது. ஆஃப் பண்ணிட்டேன். இப்ப சரியாயிடுச்சு. நீங்க வர்றப்ப உள்ள இன்டர்வியூ நடக்கும், கூப்பிடாதீங்க. கோவம் போகல. இந்த வீட்டுல எதுவா இருந்தாலும் மாட்டுக்கு அப்புறம்தான் எனக்கு."