வலைக்காரியை நெருங்கும் வழி

ஜூன் 1, ஞாயிறு
லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்து, உப்புகூடக் கிடைக்காமல் போய், என் மூத்தவன் வேலைக்குப் போன வருடம். அந்த வருடம்தான் சவரக்கடை மூலையில், காசு போட்டு ஆடும் சண்டை வீடியோ கேம் மெஷின் வந்து நின்றது. அன்றிலிருந்து ஆட்டத்தில் நான் எடுப்பது மல்லன், மச்சான் எடுப்பது வலைக்காரி. அவர்களுக்குத் திரையில் வேறு பெயர் எழுதியிருக்கிறதாம். எழுத்து தெரியாத எனக்கு இதுதான் பெயர். இந்த நாட்குறிப்பைக்கூட நான் பேசப் பேசப் போன்தான் எழுதிக்கொள்கிறது. அந்த மெஷின் எப்போதோ போய்விட்டது. அதே ஆட்டத்தை மகன் வீட்டு டிவியில் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

இன்றும் தோற்றேன். சவரக்கடைச் சட்டப்படி, தோற்றவன் ஜெயித்தவனை அடுத்த ஞாயிறு வரை ‘அண்ணே’ என்று கூப்பிட வேண்டும். மச்சான் என் மனைவியின் தம்பி. நான் அரும்பு மீசையை ஒதுக்கிவிட்டபோது அவன் டவுசரைப் பிடித்துக்கொண்டு ஓடியவன். “வரட்டா தம்பி?” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போகிறான்.

ஜூன் 2
மனைவி பிடித்துக்கொண்டாள். “அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பேத்தியோட மாமனார் வீட்ல இருந்து வர்றாங்க. அவங்க முன்னாடி என் தம்பியை அண்ணேன்னு கூப்பிட்டீங்க, நான் எழுந்து போயிடுவேன்.”

“அவன்கிட்ட சொல்லேன், ஒரு நாளைக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லி.”

“ஏன், நீங்க ஜெயிச்சா ஆகாதா?”

அதுதானே.

ஜூன் 4
மல்லனுக்குக் கை எட்டாது. கிட்டே போய்ப் பிடித்தால்தான் உண்டு. வலைக்காரி தூரத்திலிருந்தே வலை வீசுவாள். தாண்டிக் குதித்தால் அடுத்த வலை அந்தரத்திலேயே அள்ளிவிடும். இத்தனை வருடமும் குதித்தேன், அள்ளப்பட்டேன். ஏன் குதித்தேன்? நின்று அடி வாங்குவது அவமானம் என்றா?

ஜூன் 6
இன்று நானே வலைக்காரியை எடுத்தேன். மல்லனை டிவியே ஆடட்டும் என்று விட்டேன்.

வீசினேன், வீசினேன். அந்தத் தடியன் தடுத்துக்கொண்டே நடந்து வருகிறான். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் கண் சிமிட்டும் நேரம் அவள் கை வெறுங்கை. பின்வாங்கிப் பின்வாங்கி முதுகு சுவரில் முட்டியதும், என்னை அறியாமல் அவன் தலைக்கு மேலே தாவிவிட்டேன்.

அடிப்பாவி! இவ்வளவு பயந்தவளா நீ?

ஜூன் 7
குதிக்காதே. குதிக்காதே.

ஜூன் 8, ஞாயிறு
நடந்தேன். வலை வந்தால் தடுத்தேன், அவள் கை வெறுமையானால் ஓரடி வைத்தேன். தடுத்தாலும் கொஞ்சம் உயிர் குறையும் — குறையட்டும்.

“என்ன தம்பி, நடைப்பயிற்சியா? டாக்டர் சொன்னாரா?”

“பேசாம ஆடுடா,” என்று மனைவிதான் அடுப்படியிலிருந்து கத்தினாள்.

சுவர் வந்தது. பழைய நானாக இருந்தால் உடனே பாய்ந்து பிடித்திருப்பேன். அவள் மேலே தாவி மறுபக்கம் போயிருப்பாள். விரல் துடித்தது. அடக்கிக்கொண்டு சும்மா நின்றேன். தாவினாள். கால் தரையில் பட்ட இடத்தில் பிடித்தேன். அடுத்த சுற்றும் அப்படியே. ஆட்டம் எனக்கு.

மச்சான் என் பக்கம் திரும்பினான். “யாரு சொல்லிக் குடுத்தா?”

“உன் வலைக்காரிதான்.”

ஜூன் 13, வெள்ளி
வந்தார்கள். மச்சான் வேண்டுமென்றே குரலை உயர்த்தி, “அண்ணே, ஃபேனைக் கூட்டி வைக்கட்டுமா?” என்றான். நானும் மிதப்பாக, “வேண்டாம் தம்பி” என்றேன்.

சம்பந்தி, பேத்தியின் மாமனார், குழம்பிப்போனார். “நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா? வீட்டம்மாவோட தம்பி இவர்னு சொன்னாங்களே. அப்போ வீட்டம்மா உங்களுக்கு...”

மனைவி எழுந்து போனாள், நான் ஜெயித்தும். பேத்தி சவரக்கடைச் சட்டத்தை விளக்கி முடிப்பதற்குள் அவளுக்கே சிரிப்பில் மூச்சு வாங்கிவிட்டது. சம்பந்தி, “எனக்கும் ஒரு ஆட்டம் போடுங்க” என்றபிறகுதான் மனைவி காபியோடு வெளியே வந்தாள்.

ஜூன் 15, ஞாயிறு
மச்சான் வலைக்காரியைத் தொடவில்லை. மல்லனை எடுத்தான்.

“வாரம் பூரா இவனைத்தான் ஆடிப் பாத்தேண்ணே. இவனுக்கும் ஏதாவது பயம் இருக்கணுமே.”

“இருக்கா?”

“இருக்கு. கஷ்டப்பட்டுக் கிட்ட வந்து சேர்றப்ப, அங்க ஆளு இல்லாம போயிடுமோன்னு.”

நான் வலைக்காரியை எடுத்துக்கொண்டு ஆடினேன். வீசாமல் கொஞ்ச நேரம் நின்றேன், “வீசுண்ணே!” என்று அதட்டினான்.

அந்த மூலையில் முறை போட்டு ஆடினவர்களில் சவரக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். கடிகாரக்காரர், தபால்காரர், லாரிக்காரர்கள் இருவர், எல்லாரும் போய்விட்டார்கள். என் எதிரே உட்கார மிச்சம் இருப்பவன் மச்சான்.