நடக்கிற கம்பம்

பாளையங்கோட்டை
19.1.1996

அன்பு மகன் சாலமோனுக்கு அம்மா எழுதுவது. உன் தங்கையின் பெயரைப் பந்தயப் பட்டியலிலிருந்து அடித்தது நீதான். அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம். நானும் ஜெபராணியும் ஆண்டவர் தயவில் சுகம். நீயும் சுகமாக இருக்கத்தான் தினமும் முழங்காலில் நிற்கிறேன், கோபத்தில் அதை விட்டுவிடவில்லை. பஹ்ரைனில் குளிர் என்று எழுதியிருந்தாய், வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ.

பள்ளிக்கூடத்துக்கு நீ எழுதிய கடிதத்தைத் தலைமையாசிரியை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். தங்கை ஓட்டம் பழகுகிறேன் என்று சொல்லிக்கொண்டு டீக்கடை முன்னால் உலாத்துகிறாள், அவளைச் சேர்க்க வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். உனக்கு அதைச் சொன்னவன் உன் சிநேகிதன் குற்றாலலிங்கம். அவள் நடந்ததை அவன் பார்த்தது உண்மைதான். ஏன் நடந்தாள் என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? பந்தயம் பத்து கிலோமீட்டர். முதல் மூன்று பேருக்குள் வந்தால் கல்லூரியில் விளையாட்டுக்கு என்று ஒதுக்கிய இடம் கிடைக்கும், அது இல்லாமல் அவளை மேலே படிக்க வைக்க நமக்கு வழி கிடையாது. ஆரம்பத்தில் ஒரே ஓட்டமாக ஓடி மூன்றாவது கிலோமீட்டரில் வாந்தி எடுத்துவிட்டுத் திரும்பி வந்தாள். பிறகு அவளாகவே ஒரு முறை வைத்துக்கொண்டாள். திருச்செந்தூர் ரோட்டில் நாலு கரண்டு கம்பம் ஓடுவாள், அடுத்த கம்பம் வரைக்கும் நடப்பாள், மறுபடி நாலு ஓடுவாள். மூச்சு முட்டின பிறகு நடப்பதில்லை, முட்டுவதற்கு முன்பே நடக்கிறாள். அதனால்தான் இப்போது கிருஷ்ணாபுரம் வரைக்கும் எங்கேயும் உட்காராமல் போய்ச் சேர்கிறாள், கூட ஓடின பிள்ளைகள் பாதி வழியில் பஸ் ஏறிவிடுகிறார்கள். வாய்க்கால் பாலத்து டீக்கடை அவள் நடக்கிற கம்பத்துக்கு நேரே வருகிறது. விஷயம் இவ்வளவுதான். அங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள், ஏலே, ஊரெல்லாம் ஓடுதா, நம்மளக் கண்டா மட்டும் பைய நடக்கா பாரு என்று சிரிக்கிறார்களாம். நீயாவது அந்த இடத்தில் ஓடித் தொலையேன் என்று அவளிடம் சொன்னேன். கம்பத்த நட்டது கரண்டு ஆபீஸ்காரன், கடையப் போட்டது டீக்கடைக்காரன், நடுவுல நான் என்னம்மா செஞ்சேன் என்று கேட்டாள்.

பொங்கலுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை நானே அந்தக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். டீ வாங்கிக் குடித்தேன், பொம்பளை வந்து உட்கார்ந்ததும் சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. அவள் வந்தாள், நடந்தாள், யாரையும் திரும்பிப் பார்க்காமல் அடுத்த கம்பத்தில் ஓட ஆரம்பித்தாள். அங்கே உட்கார்ந்திருந்த உன் சிநேகிதனைக் கூப்பிட்டு, ஏலே, எந்திரி, நாலு கம்பம் அவ பின்னால ஓடிட்டு வந்து என் மகனுக்கு எழுது என்றேன். முட்டு வலிக்கு, அத்தை என்றான். இருபத்து மூன்று வயது முட்டு. அங்கிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவளைப் பந்தயத்தில் சேர்க்கச் சொல்லி நான்தான் கையெழுத்துப் போட்டேன், நான் அடிக்கச் சொல்லவில்லை என்றேன். அப்பா இல்லாத பிள்ளை, அண்ணன் வேண்டாம்னு எழுதிட்டாரு, நாளைக்கு அவரு வந்து கேட்டா யாரு பதில் சொல்லுதது என்கிறார்கள் தலைமையாசிரியை. சத்துணவுக் கூடத்தில் தினமும் நூற்றிருபது பிள்ளைகளின் சோற்றுக்கு என் கையெழுத்தைச் சர்க்கார் ஏற்றுக்கொள்கிறது. நான் பெற்ற பிள்ளை ஓடுவதற்கு அது செல்லாதாம், நான் பெற்ற இன்னொரு பிள்ளையின் கையெழுத்து செல்லுமாம். ஆம்பளையாகப் பிறந்ததைத் தவிர அதற்கு நீ என்ன செய்தாய் சொல். உன் கடிதம் வந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டாள், ஆனால் காலையில் ஓடுவதை நிறுத்தவில்லை.

வயிற்றுக்கு ஒழுங்காகச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையை விடாதே. கர்த்தர் உன்னைக் காப்பாராக. பெயர் சேர்க்கக் கடைசி நாள் பிப்ரவரி பத்து, கடிதம் போட்டால் வந்து சேராது, தலைமையாசிரியைக்குத் தந்தி கொடு. அதில் நீ அனுமதி தருகிறேன் என்று எழுதாதே. எங்கள் வீட்டில் அம்மா கையெழுத்துப் போட்டால் போதும், என்னைக் கேட்க வேண்டியதில்லை என்று எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
சாரம்மாள்