செப்டிக் டேங்க் மூடி தேடின வாரம்

3, திங்கள்

விடியற்காலையிலேர்ந்து மழை. கிள்ளான் பூரா சேறு. டாய்லெட்ல தண்ணி ஊத்துனா கீழ போகாம மேல வருது. ஒரே நாத்தம். வெள்ளிக்கிழமை மக தேவி கைப்புள்ளையோட வரா, பத்தியம் ஒரு மாசமும் இங்கதான். பச்ச உடம்புக்காரிய இந்த டாய்லெட்டுக்கா அனுப்புறது?

வாங்கணும்: பூண்டு, சுக்கு, சுறா மீன், டெட்டால், வீட்டுக்காரரோட பிரஷர் மாத்திரை.

அவர் கஞ்சி பாதிதான். ஸ்ட்ரோக் வந்து எட்டு மாசம். வலது கை தூக்கல, பேச்சு "ம்", "ஆ", அவ்வளவுதான். சாப்பிடுங்க, படுங்க, எந்திரிங்கன்னு நாள் பூரா நான் மட்டும் பேசறேன்.

4, செவ்வாய்

டேங்க் உறிஞ்சுற லோரிக்கு போன். நாளைக்கு வராங்களாம். மூடி எங்க இருக்குன்னு பார்த்து வைக்கணுமாம். எனக்கு என்ன தெரியும்? சமைக்கிற குசினிய பின்பக்கம் இழுத்துக் கட்டுனது அவர், ஞாயிறு ஞாயிறா, சொந்தக் கையால. டேங்க் அப்பவே வீட்டுக்குள்ள போயிடுச்சு, மேல டைல்ஸ். பக்கத்து வீட்டு ஆன்டி, "எங்களது சிங்க்குக்கு அடியில லா"ன்னு சிரிக்கிறாங்க. எனக்கு இருக்கிற எரிச்சலுக்கு சிரிப்பு வேற.

சிங்க்குக்கு அடியில கரண்டியால தட்டிப் பார்த்தேன். எல்லா இடமும் ஒரே சத்தம்.

சாயங்காலம் தேவி போன். அவ மாமியார், சுங்கை பூலோவுல எங்க வீட்டுலயே இருந்துடும்மான்னு சொல்றாங்களாம். டாய்லெட் பத்தி நான் மூச்சு விடல. தெரிஞ்சா அங்கயே நிறுத்திக்குவாங்க. 

5, புதன்

பத்து மணிக்கு லோரி. வந்தவர் பேர் முனியாண்டி, அம்பது வயசு இருக்கும், சிரிச்ச முகம். இரும்புக் கம்பியால குசினி பூரா தட்டினார். ரெண்டு இடம் உடைச்சார், வெறும் மண்ணு. இன்னைக்கு முடியலன்னா அடுத்த வாரம்தான் அக்கான்னார். வெக்கமில்லாம அழுதுட்டேன்.

அவர் செவுத்தோரம் நாற்காலியில. மு. போய் அவர் முன்னாடி குந்தினார்.

"அண்ணே, நீங்கதானே கட்டுனீங்க? மூடிய எங்க விட்டீங்க?"

அவருக்கு ஒண்ணும் தெரியாது தம்பின்னு குறுக்க விழுந்தேன். மு. என்னத் திரும்பிப் பார்க்கல. அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு காத்திருந்தார்.

அவர் எந்திரிச்சார். செவுத்தப் பிடிச்சுப் பிடிச்சு சாமி மேடைக்குப் போனார். இடது கையால அதத் தள்ளப் பார்த்தார்.

குசினி கிழக்கு மூலையிலதான் சாமி வேணும்னு ஒத்தக்கால்ல நின்னவ நான். "அங்க வேணாம்டி"ன்னு அப்பவே சொன்னார். ஏன்னு நான் கேட்கல. சண்ட போட்டு ஜெயிச்சேன்.

படங்கள ஹாலுக்கு மாத்தி, மேடைய நகர்த்தி, ரெண்டு டைல்ஸ் உடைச்சதும் மூடி. முருகா! பதினெட்டு வருஷம் அதுமேலதான் விளக்கு ஏத்தியிருக்கேன்.

மு. சொல்றார், "கும்பிட்டது வீண் போகலக்கா, இத்தன வருஷம் அடைக்கலையே." சிரிச்சுட்டேன். அவரும் சிரிச்சார், வாய் ஒரு பக்கமா.

லோரி உறிஞ்சி முடிக்கிற வரைக்கும் டீ, பிஸ்கட். மு.வோட அப்பா பிரிக்ஃபீல்ட்ஸ்ல கக்கூஸ் வாளி தூக்கினவராம். கடைவீடுங்களுக்குப் பின்னாடி இருக்கிற சந்து வாளிக்காரங்க வந்து போறதுக்குன்னே விட்டதாம். அதுல எத்தன தடவ குறுக்க நடந்திருப்பேன், இது தெரியாது. அவரப் பார்த்தா சனங்க மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவாங்களாம், யாரும் அவர்கிட்ட பேச மாட்டாங்களாம். "எந்த வீட்டுல யாருக்கு வயிறு சரியில்லன்னு மொதல்ல தெரியுறது எங்கப்பாவுக்குத்தான்க்கா. ஒருத்தரும் கேட்டதில்ல."

6, வியாழன்

வெயில். துணி ரெண்டு வாளி. குசினி கழுவியாச்சு. டைல்ஸ் ஒட்ட ஆள் சனிக்கிழமை. டாய்லெட் தண்ணி சர்ருனு இறங்குது, சும்மாவே ரெண்டு தடவ ஃபிளஷ் இழுத்துப் பார்த்தேன்.

எட்டு மாசத்துல அவர்கிட்ட நான் ஒரு கேள்வி கேட்கல. எல்லாம் உத்தரவு. பதில் வராதுன்னு நானே முடிவு கட்டிட்டேன். யாரோ ஒரு ஆள் வந்து கேட்க வேண்டியிருக்கு. பாவி நான்.

7, வெள்ளி

தேவி வந்துட்டா. ஆரத்தி எடுத்தேன். பேத்திக்கு அவரோட நெத்தி. அவர் மடியில போட்டோம், இடது கையால அணைச்சுக்கிட்டார், அசையல.

மத்தியானம் தேவி ஸ்பிரிங் தொட்டில தூக்கிக்கிட்டு ஹால்ல நிக்கிறா. எங்க மாட்டுறதும்மா, எந்த பீம் தாங்கும்னு கேட்குறா.

பதில் வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன்.

"அப்பாவக் கேளு."