அந்த மலை ஊரில் உங்களுக்காகக் காத்திருந்தவர்கள்

ஏனுங்க,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன், கடிதத்தை மட்டும் வேறு மாதிரி ஆரம்பிக்க எனக்கு வரவில்லை. நான் இத்தாலிக்குப் போய்விட்டு வந்துவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் "விசயத்துக்கு வா சுமதி" என்பீர்கள்.

நீங்கள் போனது பிப்ரவரியில். வாசல் பனியை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்து, கையுறையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தீர்கள், அவ்வளவுதான். மே மாதத்துக்கு நீங்கள் எடுத்து வைத்திருந்த டிக்கெட் அப்படியே இருந்தது. கேன்சல் பண்ணிவிடலாம் என்று நம் மகள் நிலாவிடம் சொன்னேன். மில்பிடாஸில் புது வேலையில் சேர்ந்தவளுக்கு லீவு கிடையாது, ஆனால் போனிலேயே சண்டைக்கு வந்துவிட்டாள்.

"அம்மா, ப்ளீஸ், ஜஸ்ட் கோ. அப்பா வான்டட் திஸ் சோ மச்."

"தனியாவா கண்ணு? நா மட்டும் அங்க போயி என்ன பண்ணட்டும்?"

"ஐ டோன்ட் நோ. ஜஸ்ட் வாக் அரவுண்ட், லைக் அப்பா."

உங்கள் பெண்தானே, பிடித்தால் விடமாட்டாள். போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நீங்கள் பெரிய டிவியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அதே மலை ஊர்தான். அதன் பேர் எனக்கு இன்னும் வாயில் நுழையவில்லை. "காரை எடுக்காம பாலு வாங்கற ஊருல கொஞ்ச நாளு இருக்கோணும் சுமதி" என்று சொல்லிக்கொண்டே இருப்பீர்கள். தினமும் ஹைவேயில் வண்டிகளுக்கு நடுவில் நின்று நின்று வந்த ஆள், பாவம். நானோ, "மலை ஏறோணும்னா பழனிக்குப் போலாமுங்க, மொட்டையடிச்ச புண்ணியமாச்சும் கெடைக்கும்" என்று வாயை அடைத்துவிடுவேன்.

நீங்கள் சொன்னது சரிதான். அங்கே எல்லாம் நடைதான். கோட்டைவாசல் மாதிரி ஒரு கல் வாசல் இருக்கிறது. பஸ்ஸும் காரும் அதற்கு வெளியே நின்றுவிட வேண்டும். உள்ளே போனால் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் ஒதுங்க வேண்டிய சந்துகள், படிகள், தலைக்கு மேலே காயப்போட்ட துணிகள். பால் கடை, ரொட்டிக் கடை, மருந்துக் கடை எல்லாம் கூப்பிடு தூரம். காபியை எல்லாரும் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே ஒரு மடக்கில் குடித்துவிட்டுப் போகிறார்கள். ஒரு டம்ளர் காபியை ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்கிற உங்களை என்ன சொல்லியிருப்பார்களோ தெரியாது. ஆனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறது. அது ஒன்றுக்காகவே உங்களை அங்கே சேர்த்துக்கொண்டிருப்பார்கள்.

நாம் புக் பண்ணியிருந்த மாடி அறை ரோசான்னா என்கிற அம்மாவின் வீட்டில். என் வயசுதான் இருக்கும், குரல் மட்டும் தெருமுனை வரை கேட்கும். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் படியை எட்டிப் பார்த்தார். பதிவு இரண்டு பேருக்கு அல்லவா? போனை நீட்டி, அவர் பாஷையில் ஏதோ கேட்டார். வீட்டுக்காரர் எங்கே என்று போன் எனக்கு இங்கிலீஷில் சொன்னது.

"நாளைக்கு வருவார்" என்று போனில் சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்துச் சொல்லவில்லை. வாயில் அதுதான் வந்தது. இங்கே நம் பார்சிப்பனித் தெருவிலும் அதுதான் வந்துகொண்டிருந்தது. எதிர் வீட்டு அம்மா குப்பைத் தொட்டியை உருட்டிக்கொண்டு வரும்போது, ரொம்ப நாளாய் உங்கள் வீட்டுக்காரரைக் காணோமே என்று கேட்டார். ட்ராவல் பண்றார் என்றேன். "ஓ, நைஸ்" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். பல் டாக்டர் ஆபீசிலிருந்து உங்களைக் கேட்டுப் போன் வந்தது, ஊரில் இல்லை என்றேன். நம் சிநேகிதர்கள் தங்கமானவர்கள், ஷீட்டில் பேர் போட்டு முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவர்களுக்கெல்லாம் வாட்ஸ்ஆப்பில் தெரிந்துவிட்டது. கோபிச்செட்டிப்பாளையத்துக்கு உங்கள் தம்பி சொல்லிவிட்டார். நிலாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே சொல்லிவிட்டார்கள். நீங்கள் செத்துப்போய்விட்டீர்கள் என்று நான் என் வாயால் ஒரு ஆளிடம்கூடச் சொல்லவில்லை.

நியூ ஜெர்சியில் இந்த மாதிரி ஒரு பொய்யை வருசக்கணக்கில் வைத்துக் காப்பாற்றலாம். யாரும் இரண்டாவது தடவை கேட்க மாட்டார்கள். அந்த ஊரில் அது ஒரு பொழுதுகூடத் தாங்கவில்லை. மறுநாள் காலையில் ரொட்டிக் கடைக்குப் போனால், கடைக்கார அம்மா "மரீத்தோ?" என்று கேட்டு ரொட்டியை இரண்டாக எடுத்து வைக்கிறார். மரீத்தோ என்றால் வீட்டுக்காரர். காபிக் கடையில் அதே கேள்வி. சர்ச் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாகூடத் துடைப்பத்தை நிறுத்திவிட்டு மரீத்தோ என்கிறார். ரோசான்னா என்னமோ உருளைக்கிழங்கு வைத்துச் சுட்டிருந்தார். எனக்கு ஒரு துண்டு கொடுத்துவிட்டு, இன்னொரு துண்டைத் தட்டில் வைத்து மூடினார். உங்களுக்காம்.

கல் வாசலுக்கு வெளியே பஸ் நிற்கும் இடத்தில் ஒரு நீளமான பெஞ்சு. வயசான ஆண்கள் கொஞ்சம் பேர் காலையிலிருந்தே உட்கார்ந்திருப்பார்கள். போகிற வருகிறவர்களைப் பார்ப்பது ஒன்றே வேலை. நானும் அன்றைக்கு வேறு போக்கிடம் தெரியாமல் அங்கே போய் நின்றேன். ரயிலடியிலிருந்து பஸ் மலையேறி வந்தது. அவ்வளவு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கைத்தடி வைத்திருந்த ஒருத்தர் எழுந்தே நின்றுவிட்டார். இறங்கியவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு நர்ஸ், மூட்டை வைத்திருந்த ஒரு பெண். எல்லாரும் இறங்கியதும் என் பக்கம் திரும்பி, வருத்தமாகத் தலையை ஆட்டினார். பிறகு கையைச் சுற்றிக் காட்டினார். இதில் இல்லை, அடுத்ததில் வருவார் என்று.

முன்பின் தெரியாத ஒரு மனுசன், நீங்கள் வரவில்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? அந்த பஸ் கதவு திறந்தபோது நானும் பார்த்தேங்க. நீலச் சட்டை போட்டுக்கொண்டு, பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எந்தக் காலை முதலில் வைப்பது என்று தெரியாமல் இறங்குவீர்களே, அந்த மாதிரி இறங்குவீர்கள் என்று பார்த்தேன். பைத்தியக்காரி மாதிரி பார்த்தேன். அடுத்த பஸ்ஸுக்கும் நின்றேன். அந்தப் பெரியவரும் எழுந்து நின்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் ஒருத்தி ஏமாந்தது போதாதென்று, உங்களுக்காக ஒரு ஊரையே காக்க வைத்திருக்கிறேன்.

பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை. கறுப்புக் கரை போட்ட வெள்ளைத் தாள்களை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். பெரிய எழுத்தில் பேர், சிலதில் போட்டோ, கீழே சொந்தக்காரர்கள் பேர். எனக்கு அந்தப் பாஷை தெரியாவிட்டால் என்ன, பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கோபி பஸ் ஸ்டாண்டுச் சுவர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி என்று ஒட்டியிருக்குமே, அதே சங்கதிதான். நம்மூரில் செத்தவரைவிட ஒட்டினவருடைய போட்டோ பெரிசாக இருக்கும். இங்கே அந்தக் கூத்து மட்டும் இல்லை.

பெரியவரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். எந்தத் தாளும் ஒட்டாத ஒரு இடத்தில் உள்ளங்கையை வைத்தேன். "மரீத்தோ" என்றேன். அவருக்குப் புரியவில்லை போல, பஸ் போன ரோட்டைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, கையை அங்கேயே அழுத்திக்கொண்டு மறுபடியும் சொன்னேன். பிறகு உங்கள் பேரைச் சொன்னேன், "சென்னியப்பன்" என்று. தமிழிலேயே, "செத்துப் போயிட்டாருங்க" என்று.

அவர் தொப்பியைக் கழற்றினார். பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அடக்கமாக எல்லாம் இல்லை, எழவு வீட்டில் அழுகிற மாதிரி வாய்விட்டு அழுதேன். ஒருத்தரும் எழுந்து போகவில்லை.

படியேறி வீட்டுக்கு வருவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. ரோசான்னா வாசலிலேயே நின்றார். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார், கேட்டால் என்ன சொல்வது என்று பயந்துகொண்டே போனேன். அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, போனில் கேட்ட முதல் கேள்வி, உன் வீட்டுக்காரர் எதை விரும்பிச் சாப்பிடுவார் என்பது. யோசித்துப் பாருங்கள், இத்தனை மாதத்தில் இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. அரிசிம்பருப்புச் சாதம் என்றேன். அந்தப் போன் அதை எப்படிச் சொல்லித் தொலைத்ததோ, நான் கையாலேயே குக்கர் விசில் வரைக்கும் செய்து காட்டினேன். அழுகைக்கு நடுவில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். குறட்டை விடுவாரா என்று கேட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள், உண்மையைச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் சந்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து மூடி போட்ட பாத்திரங்களை வைத்துவிட்டுப் போனார்கள். எழவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது என்று அவர்களுக்கு யார் சொன்னது?

மறுநாள் ரோசான்னா என்னைத் தாள் அச்சடிக்கும் கடைக்குக் கூட்டிப்போனார். உனக்குச் சம்மதம் என்றால் உன் வீட்டுக்காரருக்கும் ஒன்று ஒட்டலாம் என்றார். எதற்கு இதை ஒட்டுகிறீர்கள் என்று கேட்டேன். செத்த வீட்டுக்காரர்கள் வாசல் வாசலாய்ப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது, அதற்குத்தான், என்றார். தாள் எல்லாருக்கும் சொல்லிவிடும், அப்புறம் அவர்களே உன்னிடம் வந்து பேசுவார்கள். எனக்கு வேறு காரணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒட்டினார்கள். உங்கள் முழுப் பேர், கீழே மனைவி சுமதி, மகள் நிலா. ஆபீசில் உங்களைச் சென் என்று பாதிப் பேரில்தானே கூப்பிட்டார்கள்? அங்கே தூரத்திலிருந்தே படிக்கலாம், அவ்வளவு பெரிசு. போட்டோ எடுத்து நிலாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட என் முன்னால் அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள் அவள். "அம்மா, அப்பா பேரு" என்றாள். அதற்கு மேல் இங்கிலீஷும் வரவில்லை, தமிழும் வரவில்லை. அவள் அழுது முடிக்கிற வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் அந்த ஊரே தெருவில் இறங்கி, இருக்கிற ஒரே பெரிய வீதியில் மேலும் கீழும் நடக்கும். ரோசான்னா என் கையைக் கோத்துக்கொண்டு நடந்தார். ரொட்டிக் கடை அம்மா, காபிக் கடைக்காரர், துடைப்பத்து அம்மா எல்லாரும் வந்து கையைப் பிடித்தார்கள். சிலர் உங்கள் பேரைச் சொல்லிப் பார்த்தார்கள். ஒருத்தரும் சரியாகச் சொல்லவில்லை, ஒருத்தரும் சொல்லாமலும் போகவில்லை. நீங்கள் ஒரு நாள்கூட வாழாத ஊரில் உங்களுக்காக அவ்வளவு பேர் துக்கம் விசாரித்தார்கள். எனக்கு ஆறிவிட்டதா என்று கேட்டால், இல்லை. நீங்கள் இல்லை என்பது அன்றைக்குத்தான் முழுசாக உறைத்தது. அந்தத் துக்கம் நெஞ்சில் இறங்கியது இறங்கியபடியே இருக்கிறது.

நம் தெருவில் மதிற்சுவர்கூடக் கிடையாது, வெறும் புல்வெளிதான். தாள் ஒட்ட இடமே இல்லை. அதனால் நான்தான் வாசல் வாசலாய்ப் போய்ச் சொல்ல வேண்டும். சொல்வேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் பேர் சென்னியப்பன், செத்துப் போயிட்டார் என்று சொல்வேன். அவர்கள் "ஐ ஆம் சாரி" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனாலும் விடமாட்டேன். நின்று, அவருக்கு அரிசிம்பருப்புச் சாதம்னா உசிரு என்பதையும் சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவேன்.

என்றைக்கும் உங்கள் வீட்டுக்காரி,
நிலாவின் அம்மா,
சுமதி