பதினொரு மணிக்கு வருகிறவர்கள்

செபஸ்தியார்துறை,
19 பிப்ரவரி 2012, ஞாயிறு

அன்பு மகள் ஜெனிலாவுக்கு,

சேசுவுக்கே புகழ். நானும் அம்மாவும் தம்பி ஜிபினும் சுகமாக இருக்கிறோம். புனேயில் குளிர் விட்டுவிட்டதா? மின்னஞ்சலில் எழுதாமல் அப்பா ஏன் தாளில் எழுதுகிறார் என்று நீ கேட்கமாட்டாய். இன்று காலையும் இன்டர்நெட் லைன் இல்லை. போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நீ இரண்டாவது நிமிடத்திலேயே “அந்தப் பேச்ச மூடிருங்கப்பா” என்கிறாய். தாளில் என்னை இடைமறிக்க உனக்கு வழியில்லை.

முதலில் உன் கணினிப் பெட்டியைப் பற்றி. போன ஜூலை ஆறாம் தேதி நீ வைத்துவிட்டுப் போன நாளிலிருந்து அது ஒரு தடவைகூட நிற்கவில்லை. நேற்று uptime அடித்துப் பார்த்தேன்: நிற்காமல் ஓடியது 227 நாள். கரண்ட் போனபோதெல்லாம் யூ.பி.எஸ். தாங்கிக்கொண்டது. நீ நோட்டில் எழுதித் தந்த கட்டளைகள் எல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம். கோப்பைத் திருத்துகிற vi-யிலிருந்து வெளியே வரும் வழி மட்டும் அடிக்கடி மறக்கிறது. அதனால் அந்த மூன்று குறிகளையும் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அது என்ன மந்திரம் என்று கேட்கிறார்கள். “வெளிய போற மந்திரம், நீங்களும் சொல்லிப் பாருங்கோ” என்று உன் அம்மா பதில் சொல்கிறாள்.

நீ போன பிறகு நடைமுறை கொஞ்சம் மாறியிருக்கிறது. பெட்டி காலை மூன்றேகாலுக்கு காற்று, அலை அறிக்கையை இறக்குகிறது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் அதை அடிக்கிறது. நான் தாளைக் கிழித்துக்கொண்டு கோயில் மைக் அறைக்கு நடந்து போய் மூன்றே முக்காலுக்கு வாசிக்கிறேன். நான்கு மணிக்கு வள்ளங்கள் இறங்குகின்றன. குறுஞ்செய்தியாக அனுப்பிவிடலாமே என்றாய். அந்த நேரத்தில் எல்லாருடைய போனும் பிளாஸ்டிக் உறைக்குள் கட்டிய நிலையில் இருக்கிறது. எஞ்சின் மாட்டுகிற கை போனைத் தொடுவதில்லை. மைக் சத்தம் மட்டும் எல்லார் காதிலும் விழுகிறது. சந்தேகம் இருப்பவர்கள் அறை வாசலுக்கே வந்து, நேற்றைவிடக் கூடுதலா குறைவா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

இப்போது லைன் விஷயம். திருவிழா முடிந்த மறுநாள், ஜனவரி 21 அதிகாலை, முதன்முதலாக அறுந்தது. ஒன்பது மணிக்குத் தானாக வந்தது. மறுநாளும் அப்படியே. கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்து, கணினியில் ஸ்டார்ட் பட்டனை அழுத்தச் சொன்னாள். இதில் அந்தப் பட்டன் கிடையாது, இது லினக்ஸ் என்றேன். லினக்ஸுக்கு எங்களால் உதவி செய்ய இயலாது சார் என்று சொல்லிவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டாள். அறுந்தது கம்பி, அதற்கு லினக்ஸா விண்டோஸா என்று தெரியாது என்று சொன்னேன். புகார் எண் தந்தாள்.

லைன்மேன் தாணுலிங்கம் இரணியல்காரர், நல்ல மனிதர். ஒவ்வொரு தடவையும் பதினொரு மணிக்குத்தான் வருகிறார். அப்போது லைன் ஓடிக்கொண்டிருக்கிறது. “அண்ணாச்சி, நான் வரும்போ எல்லாம் நல்லா ஓடுகே. ஒங்களுக்க பெட்டிக்கு என்னக் கண்டா பயமாக்கும்” என்று சிரித்துவிட்டு, டீ குடித்துப் போகிறார். சாயங்காலம் என் போனுக்கு, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று செய்தி வருகிறது. இப்படிப் பதினொரு புகார்கள் தீர்க்கப்பட்டிருக்கின்றன.

முப்பத்தொரு வருஷம் பகுதிநேர நிருபராக இருந்தவனிடம், நீ சொல்வதற்கு ஆதாரம் என்ன என்று மறைமுகமாகக் கேட்கிறார்கள். ஜனவரி 24-லிருந்து ஆதாரம் சேர்க்கிறேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளி உலகத்தைக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வந்ததா இல்லையா என்று நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதும்படி பெட்டிக்குச் சொல்லியிருக்கிறேன். நேரம் பார்த்து வேலை செய்யவைக்கும் கிரானில் நீ எழுதிய வரியைப் பார்த்து நானே எழுதினேன். ஒரு நாளைக்கு 288 வரி. நேற்றோடு 7,488. லைன் பெரும்பாலும் இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில் போகிறது, எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் வருகிறது. பனி இல்லாமல் கரைக்காற்று வறண்டு வீசிய நான்கு நாட்களில் மட்டும் போகவே இல்லை. எங்கோ ஒரு இணைப்பில் உப்புப் பனி இறங்குகிறது, வெயிலில் காய்ந்ததும் சரியாகிறது. கம்பத்தில் ஏறாமலே இவ்வளவும் தெரிகிறது. ஏற வேண்டியவர்கள் ஏறவில்லை.

ஜிபின் செல்போன் சிக்னலில் இன்டர்நெட் தருகிற ஒரு டாங்கிள் வாங்கி வந்தான். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் சிக்னல் கிடைக்கிறது. வீட்டுக்குள் அதன் விளக்கு மட்டும் எரிகிறது, வேறொன்றும் நடப்பதில்லை.

அறிக்கை இல்லாத நாட்களில் மைக்கைப் போட்டு, இன்று தகவல் இல்லை என்று சொல்கிறேன். அதுவும் ஒரு தகவல்தான். நேற்று செல்வன் கரையிலிருந்தே கத்தினான்: “என்ன ஓய், இண்ணும் காத்துக்கு லீவா?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒன்பதாம் தேதி அவனுடைய வள்ளம் கரைசேரக் கொஞ்சம் தாமதம். ஜிபினும் அதில்தான் போயிருந்தான். சுகமாக வந்துவிட்டார்கள். நீ ஒன்றும் யோசிக்காதே.

அடுத்த வாரம் தக்கலையில் கம்பெனி அலுவலகத்துக்கு நேரில் போகிறேன். வெயிலில் அலைய வேண்டாம் என்று நீ சொல்வாய் என்பதையும் எழுதி வைத்துக்கொண்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். விபூதிப் புதன் வருகிறது, பக்கத்தில் கோயில் இருந்தால் போய் வா.

அன்புடன்,
அப்பா யேசுதாசன்


செபஸ்தியார்துறை,
5 மார்ச் 2012, திங்கள்

அன்பு ஜெனிலா,

போன கடிதத்தில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. பத்திரிகையில் திருத்தத்தை எட்டாம் பக்கத்தின் மூலையில் போடுவார்கள். உனக்கு நான் அப்படிச் செய்யக்கூடாது. நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

பிப்ரவரி 27-ஆம் தேதி தக்கலைக்குப் போனேன். பதிவு முழுவதையும் பிரிண்டரின் தொடர் தாளில் அடித்து, மடிப்புக் கலையாமல் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். 9,792 வரி. பொறியாளர் ரதீஷ் இளைஞர், உன் வயதுதான் இருக்கும். திரையைப் பார்த்தபடியே, உங்கள் எல்லாப் புகாரும் தீர்ந்துவிட்டதாகக் காட்டுகிறதே சார் என்றார். நான் தாளின் முனையை அவர் மேசைமேல் வைத்துவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். மேசை, வரவேற்பு, வாசல், படி, அதற்கு அப்புறமும் சாக்கில் பாதி மிச்சம் இருந்தது. பில் கட்ட வந்தவர்கள் தாளை மிதிக்காமல் தாண்டிப் போனார்கள். ஒருவர் குனிந்து வாசிக்கவும் தொடங்கினார். வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்கு நேரில் வருகிறேன், தயவுசெய்து தாளைச் சுருட்டுங்கள் என்றார் ரதீஷ்.

சொன்னபடி வந்தார். மார்ச் 2, காலை ஐந்து பத்து. லைன் செத்துக் கிடந்தது. தாணுலிங்கம் ஒவ்வொரு கம்பமாக ஏணி சாத்தி ஏறி, கம்பியைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். குருசடிச் சிலுவை பக்கத்துக் கம்பத்தில் நின்றார். டேப்பைக் கீறியதும் தண்ணீர் சொட்டியது. மேலே கட்டியிருந்த நூலை இழுத்துப் பார்த்தார். பிறகு மேலேயிருந்து சொன்னார்: “அண்ணாச்சி, இது எனக்க கை இல்ல. இது வலைக்காரனுக்க முடிச்சாக்கும்.”

கம்பியின் இரண்டு முனைகளையும் முறுக்கி, மேலே டேப் சுற்றி, அதன்மேல் நைலான் நூலால் வலை பிணைக்கிற மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தது. எவ்வளவு இழுத்தாலும் வராது. கடலில் வலை கட்ட அதைவிட நல்ல முடிச்சு இல்லை. உள்ளே தண்ணீர் போவதைத்தான் அது தடுக்கவில்லை. நூல் பச்சையும் கறுப்பும் கலந்தது. அந்த நூல் நம் வீட்டு மச்சுப்படிக்குக் கீழேதான் இருக்கிறது.

ஜிபின் அன்று பத்தரைக்குக் கரையேறினான். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டான். ஜனவரி 19 இரவு தேர்பவனியில் செபஸ்தியாரின் தேர்முடி அந்தக் கம்பியில் மாட்டிக்கொண்டது. தூக்கிய தேர் பின்னால் போகக்கூடாது என்பது உனக்குத் தெரியும். பின்னால் மெழுகுதிரியோடு முன்னூறு பேர் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் கம்பத்தில் ஏறி மீன் கத்தியால் கம்பியை வெட்டினான். தேர் போன பிறகு திரும்பி வந்து கட்டினான். “மறுநா மத்தியானம் பாத்தேன், வேல செய்யிச்சு. சரியாயிட்டுண்ணு நெனச்சேன்ப்பா” என்றான். அவனும் பதினொரு மணிக்கு மேல்தான் பார்த்திருக்கிறான்.

நான் கம்பெனியோடு மல்லுக்கு நிற்கத் தொடங்கியபோது அவனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. வெட்கத்தில் வாய் திறக்கவில்லை. டாங்கிள் வாங்கி வந்தது அதனால்தான்.

இது முதல் திருத்தம்: பழுது கம்பெனி செய்ததல்ல, நம் வீட்டில் செய்தது. இரண்டாவது, பிப்ரவரி ஒன்பதாம் தேதி. கொஞ்சம் தாமதம் என்று எழுதினேன். வழக்கமாகப் பதினொன்றுக்கு வருகிற வள்ளம் அன்று இரவு ஏழு ஐம்பதுக்கு வந்தது. அறிக்கை கிடைத்திருந்தால் இறங்கியிருக்கமாட்டார்கள். நாற்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் வாடைக்காற்று வரும் என்று அதில் இருந்தது. நான் அதை ஒன்பதேகாலுக்குத்தான் வாசித்தேன், தனியாக, நம் வீட்டு முன்னறையில். எஞ்சினில் தண்ணீர் ஏறி, கடியப்பட்டணத்துக்கு நேரே வெகுதூரம் வெளியே நீரோட்டத்தில் ஒழுகிப் போயிருக்கிறார்கள். ஒரு விசைப்படகு இழுத்து வந்தது. உன் அம்மா பகல் முழுவதும் கரையில் நின்றாள், தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியவளும் அவள்தான். இப்போது மீறுகிறேன்.

வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன். முடிச்சைப் பார்த்ததும் ரதீஷின் முகம் மலர்ந்துவிட்டது. பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். வாடிக்கையாளர் தரப்பே கம்பியைச் சேதப்படுத்தியது, நிறுவனத்தின்மேல் எந்தப் புகாரும் இல்லை என்று அச்சடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் புது இணைப்பு, இல்லையென்றால் கம்பியை இறக்கிவிடுவோம் என்றார்.

முதல் பாதி உண்மை, அதற்கு என் கையெழுத்து உண்டு என்றேன். ஆனால் இன்னொரு உண்மையும் இருக்கிறது. பதினான்கு தடவை புகார் கொடுத்தேன், பதினான்கு தடவையும் கம்பத்தில் ஏறிப் பார்க்காமலே தீர்ந்தது என்று எழுதினீர்கள். முதல் நாளே ஏறியிருந்தால் ஒன்பதாம் தேதி நான்கு பேர் கடலில் ஒழுகியிருக்கமாட்டார்கள். அதையும் எழுதுங்கள், இரண்டுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். படிவத்தில் இடமில்லை சார் என்றார். பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது என்றேன்.

அவர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். தாணுலிங்கத்திடம் கம்பியை இறக்கச் சொன்னார். அவர் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஜீப்பில் ஏறும்போது என் காதருகே வந்தார்: “பத்து மணிக்குத்தான் ஆபீசில புகார்ச் சீட்டு தருவாவ அண்ணாச்சி. எண்ணாலும் ஒரு நாளாவது நான் விடியக் காலத்த வந்து பாத்திருக்கணும்.” அந்த ஊழியருக்கு இருந்த யோக்கியம் அந்தப் படிவத்துக்கு இல்லை.

மறுநாள், சனிக்கிழமை, மூன்றே முக்காலுக்கு மைக்கைப் போட்டேன். லைன் அறுந்ததற்குக் கம்பெனிதான் காரணம் என்று நான் இந்த மைக்கில் பலமுறை சொன்னது தவறு, வெட்டியது நம் ஊர்க்காரர் என்று வாசித்தேன். பெயர் எழுதியிருந்தேன், வாசிக்கத் தயங்கினேன். ஜிபின் அறை வாசலில் நின்றான். “பேரையும் சொல்லுங்கப்பா” என்றான். சொன்னேன். அடுத்த தாளை எடுத்தேன். அதற்குள் வெளியிலிருந்து செல்வன்: “எங்கப்பன் என்ன அடிச்சதுகூட இப்பிடி ஊருக்கெல்லாம் கேக்கலையே மக்கா!” என்றான்.

அதற்கடுத்து அன்றைய காற்று அறிக்கையை வாசித்தேன். ஆம், வாசித்தேன். லைன் இல்லாமல் எப்படி என்று கேட்பாய். வெள்ளிக்கிழமை சாயங்காலமே நானும் ஜிபினும் பெட்டியை மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டோம். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் மீன்பெட்டி இரண்டை அடுக்கி அதன்மேல் வைத்து, வள்ளத்துத் தார்ப்பாயால் கூரை கட்டியிருக்கிறோம். நூல் அதே நூல்தான். அணைக்கும்போது 240 நாள் என்று காட்டியது, அது ஒன்றுதான் வருத்தம். டாங்கிளை அதற்குப் புரியவைக்க நோட்டில் வழி இல்லை. அதனால் ஜிபினுடைய மடிக்கணினியில் இறக்கி, பெட்டிக்கு மாற்றி, அச்சடிக்கிறோம். மூன்றேகாலுக்கு நான் ஏணியில் ஏறுகிறேன், அவன் கீழே பிடித்துக்கொள்கிறான். அறுபத்துநாலு வயதில் அப்பாவுக்கு இது தேவையா என்று உன் அம்மா என்னிடம் கேட்கவில்லை. பிளாஸ்கில் டீ ஊற்றித் தருகிறாள்.

கம்பெனியை விடப்போவதில்லை. பதினான்கு புகார் எண்களோடும், வெட்டியது என் மகன் என்ற வரியோடும், நுகர்வோர் மன்றத்துக்கு மனு எழுதிவிட்டேன். என் தரப்புத் தவறையும் நானே எழுதியிருப்பதால் அவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான் மகளே. அந்த டாங்கிள் தானாக இணைந்து, பெட்டி தானாக இறக்கும்படி என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு வரியாக எழுதி அனுப்பு. உன் தம்பியிடம் போனில் எதுவும் கேட்காதே, அவன் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டுவிட்டான். இன்று காலையும் நாலு மணிக்கு இறங்கிப் போனான். போகாதே என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காற்று எவ்வளவு என்று சொல்லத்தான் வருகிறது. அதை மட்டும் மூடச் சொல்லாதே.

கடலைப் படைத்தவர் உன்னையும் அவனையும் ஒரே கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் பதிலுக்காக மாடியில் காத்திருக்கும்,
அப்பா