கைபேசி பூட்டியிருந்த மூன்றாம் நாள்

அப்பா,

இன்று காலை புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள். சூடு ஆறாத பிளாஸ்டிக்கின் மணம் என் மேசைவரை வந்தது. என் அட்டையை நீங்கள் வாங்கி மோந்து பார்த்தது நினைவுக்கு வர, எழுந்து வெளியே போய் நின்றேன்.

நேர்முகத்துக்கு முள்ளியவளையிலிருந்து என்னோடு பஸ்ஸில் வந்தீர்கள். ஆடைத் தொழிற்சாலை வாசலில் காவலாளி உங்களை மறித்தார். மூன்று மணி நேரம் கழித்து நான் வெளியே வந்தபோது, மரநிழல் விலகிப்போயிருந்தும் நீங்கள் அதே இடத்தில் வெயிலில் நின்றீர்கள், நான் தேடக்கூடாதென்று.

"என்ன கேட்டவை?"

"இங்கிலிஸில கேட்டவை. பாதி விளங்கேல்லை அப்பா."

"விளங்கேல்லை எண்டு சொன்னனியோ?"

"ஓம்."

"அது காணும்."

வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி முடியும்வரை காலையில் கைபேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். மாலையில்தான் சாவி தருவார்கள். அவசரத்துக்கென்று அலுவலக இலக்கத்தை அம்மாவிடம் எழுதிக் கொடுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் நீங்கள் வயலில் விழுந்தீர்கள். ஆட்டோவில் உங்களை மடியில் கிடத்திக்கொண்டு அம்மா எனக்கு அழைத்தபடியே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். பிறகு அலுவலகத்துக்கு அழைத்தார். எடுத்தவர் சிங்களத்தில் பேசினார். "பிள்ளையைக் கூப்பிடுங்கோ" என்று அம்மா தமிழில் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தப் பக்கம் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டார்கள். மூன்று தடவையும் அப்படித்தான்.

அந்த நேரம் எங்களுக்கு, தீப்பிடித்தால் எந்த வழியால் வெளியேறுவது என்று காட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசையாக முற்றத்துக்கு நடந்துபோய்த் திரும்பினோம். பக்கத்தில் வந்தவள் ஏதோ சொல்ல நான் சிரித்தேன், அப்பா.

மாலையில் திரை முழுக்க அம்மாவின் இலக்கம். திருப்பி அழைத்தபோது "ஆஸ்பத்திரிக்கு வா பிள்ளை" என்று மட்டும் சொன்னார். கம்பனி பஸ் ஒவ்வொரு சந்தியிலும் நின்று ஆளிறக்கியது. "அண்ணை, கொஞ்சம் கெதியா..." என்று சாரதியிடம் சொன்னேன். "ஏன் தங்கச்சி?" என்று கேட்டார். கைபேசித் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது உங்கள் முகத்தை மூடியிருந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து திரும்ப வேலைக்குப் போனேன். பயிற்சிக்குப் பொறுப்பானவர் என் கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தார். பிறகு, "இடையில விட்டபடியா முதல் நாளிலயிருந்து தொடங்கவேணும், தங்கச்சி" என்றார். அதே கதிரை, அதே பயிற்சிப் படம். முற்றத்துக்கும் மறுபடி நடந்தேன்.

பயிற்சி நாட்களில் தமிழ் தெரிந்த ஒருவரையாவது தொலைபேசிக்கு வையுங்கள் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். "மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறம்" என்கிறார்கள். இன்றும் அந்தப் பிள்ளைகள் கைபேசியைப் பூட்டிவிட்டு உள்ளே போனார்கள். பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் முதலாம் ஆண்டுத் திவசம் முடிந்த கிழமை, "என்ர பிள்ளையைக் கூப்பிடுங்கோ" என்பதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று அம்மா கேட்டார். தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். இப்போதும் குசினியில் அடுப்பைப் பார்த்தபடி அதைச் சொல்லிப் பார்ப்பார்.

"இனி என்னத்துக்கம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பிழை வரக்கூடாது பிள்ளை."

வருவதில்லை, அப்பா. ஒரு பிழையும் இல்லாமல் சொல்கிறார்.